காசி, கயா போகிறவர்கள் புத்தர் நடந்த இடங்களையும் பார்த்து வர: முதல் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

முன்னோர்க்கடன் தீர்க்கத் தமிழ்நாட்டிலிருந்து காசிக்கும் கயாவுக்கும் போகிறவர்களுக்குக் குறைவே இல்லை. விஷ்ணுபாதத்தில் பிண்டம் வைத்த கையோடு பலர் ரயில் நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கயாவிலிருந்து தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் புத்தகயா. காசியிலிருந்து பத்து கிலோமீட்டரில் சாரநாத். போனவர்களிலும் பாதிப்பேர் "ஒரே செங்கல் மேடாக இருந்தது" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோபுரமும் பிராகாரமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முழங்கால் உயரச் சுவர்கள் எதுவும் சொல்வதில்லை. கொஞ்சம் தயாரிப்போடு போனால் அவை நிறையச் சொல்லும். இந்தக் கட்டுரை அந்தத் தயாரிப்புக்காக.

எத்தனை இடங்கள்?

பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதல் அறவுரை நிகழ்த்திய இடம், மறைந்த இடம் ஆகிய நான்கையும் பக்தர்கள் சென்று காண வேண்டும் என்று புத்தரே சொன்னதாக மகாபரிநிப்பான சுத்தம் என்னும் பாலி நூல் கூறுகிறது. அவை முறையே லும்பினி, புத்தகயா, சாரநாத், குஷிநகர். சிராவஸ்தி, ராஜ்கிர், வைசாலி, சங்கிசா ஆகியவற்றையும் சேர்த்து 'எட்டுப் பெருந்தலங்கள்' என்பது பிற்கால மரபு. நாளந்தா இந்த எட்டில் இல்லை. ஆனால் இடிபாடுகளைப் பார்க்க விரும்புகிறவர் அதை விடக்கூடாது.

எட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்லும். முடிக்கலாம்தான், பாதிப் பகல் வண்டிக்குள் போகும், இடங்களில் அரை மணி நேரம்கூட நிற்க முடியாது. முதல் பயணத்துக்கு என் பரிந்துரை நான்கு: சாரநாத், புத்தகயா, ராஜ்கிர், நாளந்தா. ஆறு நாள் இருந்தால் போதும். பத்து நாள் இருந்தால் குஷிநகரையும் லும்பினியையும் சேர்த்துக்கொள்ளலாம். சிராவஸ்தியும் சங்கிசாவும் இரண்டாம் முறைக்கு இருக்கட்டும்.

எப்போது போவது?

தீபாவளிக்குப் பிறகு டிசம்பர் முதல் பாதி வரை, இல்லையென்றால் பிப்ரவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் கங்கைச் சமவெளி முழுவதும் மூடுபனி இறங்கும். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். சில சமயம் ரத்தே ஆகிவிடும். திரும்பும் விமானத்தை அதே நாளில் பதிவு செய்துவிட்டு ரயிலை நம்பி உட்காரக் கூடாத மாதங்கள் இவை. குளிரையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். சென்னையின் மார்கழிக்கு வாங்கிய மெல்லிய ஸ்வெட்டர் அங்கே காலை ஐந்து மணிக்கு உதவாது.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை புத்தகயாவில் திபெத்தியர்களின் பெரிய பிரார்த்தனைக் கூட்டங்களும் பல நாட்டு பிக்குகள் பௌத்த மறைநூலான திரிபிடகத்தை ஓதுவதும் நடக்கும். பார்க்க அருமையாக இருக்கும், அறைதான் கிடைக்காது. மகாளய பட்சத்தில் கயாவுக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருவதால் அப்போதும் இதே கதைதான். புத்த பூர்ணிமை மே மாதத்தில் வரும். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் காலம் என்பதால் முதியவர்களை அழைத்துச் செல்ல அது ஏற்ற நேரமல்ல.

ஒன்றை இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். சாரநாத், நாளந்தா, புத்தகயா ஆகிய மூன்று ஊர்களிலும் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இடிபாட்டு வளாகங்கள் திறந்திருக்கும், அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். சாரநாத்தில் வெள்ளிக்கிழமை இறங்கினால் நாட்டின் சின்னமான சிங்கத்தூணைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான்.

போய்ச்சேர்வது

சென்னையிலிருந்து காசிக்கும் கயாவுக்கும் நேரடி ரயில்கள் உண்டு. ஆனால் தினமும் கிடையாது, நாட்களும் மாறும் என்பதால் பயணத் தேதியை ரயிலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். பாட்னா செல்லும் ரயில்கள் பல காசிக்குள் போகாமல் பண்டித தீனதயாள் உபாத்யாயா சந்திப்பில் நின்று போகும். நம் தாத்தாக்கள் சொல்லும் முகல்சராய்தான் அது. 2018-இல் பெயர் மாறியது. அங்கிருந்து காசிக்கு ஆட்டோவிலோ வாடகைக் காரிலோ போய்விடலாம்.

காசியில் தொடங்கி மூன்றாம் நாள் ரயிலில் கயாவுக்குப் போவது வசதியான வரிசை. சில மணி நேரப் பயணம்தான். கயா நிலையத்திலிருந்து புத்தகயாவுக்குப் பகலில் ஆட்டோக்கள் தாராளமாகக் கிடைக்கும். நள்ளிரவில் இறங்க நேர்ந்தால் விடியும்வரை நிலையத்தின் காத்திருப்பு அறையில் இருந்துவிட்டுப் போவது நல்லது.

புத்தகயாவிலிருந்து ராஜ்கிர் ஏறக்குறைய எழுபது எண்பது கிலோமீட்டர். ராஜ்கிரிலிருந்து நாளந்தா பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டையும் ஒரே நாளில் காரில் முடித்துத் திரும்புவதுதான் எல்லோரும் செய்வது. நான் ராஜ்கிரில் ஓர் இரவு தங்கச் சொல்வேன். காரணம் கீழே வருகிறது.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் தமிழர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். லும்பினி நேபாளத்தில் இருப்பதால், அங்கே போய்த் திரும்ப இந்திய விசா பலமுறை நுழைவுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவோடு எல்லையைத் தாண்டினால் திரும்பி வர வழியில்லை. அடுத்தது நல்ல செய்தி: தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணத்தில் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் நாட்டவருக்கு இந்தியர்களுக்கான கட்டணமே. இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். கேட்காவிட்டால் வெளிநாட்டவருக்கான பல மடங்குக் கட்டணம் கைமாறிவிடும்.

பீகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு. குடிப்பது மட்டுமல்ல, பையில் வைத்திருப்பதும் குற்றம்.

தங்குமிடம்: புத்தகயாவில் பல நாட்டு விகாரைகள் விருந்தினர் அறைகள் வைத்திருக்கின்றன. பௌத்த அமைப்பான மகாபோதி சங்கத்துக்கும் அங்கே ஓய்வில்லம் உண்டு. அறைகள் எளிமையானவை, சுத்தமானவை. வாசற்கதவை இரவு சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். அதிகாலையில் கோவிலுக்குப் போகிறவருக்கு அது ஒரு குறையே அல்ல.

செங்கல்லைப் படிக்கக் கற்பது

கிளம்புவதற்கு முன் மூன்று வடிவங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எந்த இடிபாட்டுக்குப் போனாலும் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும்.

வட்டமாகவோ சதுர மேடையின்மேல் வட்டமாகவோ, உள்ளே போக வழியில்லாமல் திடமாக இருந்தால் அது தூபி. உள்ளே அறை கிடையாது. நடுவில் எங்கோ ஒரு சிறு பேழையில் அஸ்தியோ வேறு புனிதப் பொருளோ இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். அதைச் சுற்றி வருவதுதான் வழிபாடு. பெரிய தூபியைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகப் பத்தும் நூறுமாக இருப்பவை பக்தர்கள் நேர்ந்துகொண்டு எழுப்பியவை. பலர் இவற்றை உட்காரும் திண்ணை என்று நினைத்துவிடுகிறார்கள்.

சதுரமான முற்றம், அதன் நான்கு பக்கமும் சின்னஞ்சிறு அறைகள் என்றால் அது விகாரை, துறவிகள் வாழ்ந்த இடம். ஒரு விகாரையை எப்படிப் பார்ப்பது? வாசலில் நின்று நேர் எதிரே பாருங்கள்; எதிர்ப்பக்கத்தின் நடுவில் இருக்கும் சற்றுப் பெரிய அறை வழிபாட்டுக்குரியது. பிறகு கிணற்றைத் தேடுங்கள், அதையடுத்து வடிகாலைத் தேடுங்கள். அறைகளின் சுவரில் விளக்கு வைத்த மாடங்கள் இருக்கும். கல்லோ செங்கல்லோ படுக்கைமேடையாக நிற்கும். ஐந்து நிமிடத்தில் அங்கே ஒரு மனிதர் எங்கே படுத்தார், எங்கே குளித்தார் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, உருவத்தை வைத்து வணங்கிய கோவில். படிக்கட்டு ஏறி மேடைமேல் போனால் கருவறை. இது நமக்குப் பழக்கமான அமைப்பு.

இவற்றோடு அசோகர் தூண்களைப் பற்றி ஒரு வரி. கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் இந்தத் தூண்களைக் கண்டுகொள்ள எளிய வழி அவற்றின் வழவழப்பு. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலான மணற்கல், நேற்று மெருகேற்றியதுபோல் மின்னும்.

இன்னொரு விதி: அருங்காட்சியகம் முதலில், இடிபாடு பிறகு. அழகானவை எல்லாவற்றையும் பாதுகாப்புக்காக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவற்றைப் பார்த்துவிட்டுப் போனால் வெறுமையான பீடங்களில் எது நின்றது என்பது புரியும்.

சாரநாத்: அரைநாள் போதும் என்பவர்களை நம்பாதீர்கள்

காசியிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்புங்கள். வழியில் சாலையோரம் ஒரு செங்கல் குன்றின் தலையில் எண்கோணக் கோபுரம் தெரியும். அது சௌகண்டி தூபி. பழைய பௌத்தத் தூபியின்மேல் 1588-இல், உமாயூன் அங்கே வந்துபோனதன் நினைவாக எழுப்பிய முகலாயக் கோபுரம் அது. இறங்கிப் பத்து நிமிடம் பாருங்கள்.

அடுத்து அருங்காட்சியகம். நுழைந்ததும் சிங்கத்தூணின் தலைப்பகுதி. 1904-05 அகழாய்வில் ஓர்டல் என்ற பொறியாளர் கண்டெடுத்தது. 1950 ஜனவரி 26 முதல் இந்திய அரசின் சின்னம். ரூபாய் நோட்டில் சிறியதாகவே பார்த்துப் பழகியதால் நேரில் அதன் அளவு திகைக்க வைக்கும். எல்லோரும் அதன்முன் நின்றுவிட்டு வெளியேறுகிறார்கள். அறவுரை நிகழ்த்தும் புத்தர் சிலையைத் தேடிப் பாருங்கள். கி.பி. 5-ஆம் நூற்றாண்டு குப்தர் காலச் சிற்பம். என்னைக் கேட்டால் சாரநாத்தின் மிகச் சிறந்த பொருள் சிங்கமல்ல, அதுதான்.

பிறகு வளாகத்துக்குள் போங்கள். நேராக உயர்ந்து நிற்கும் தமேக் தூபிதான் கண்ணை இழுக்கும், கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு வட்டமான அடித்தளத்தைத் தேடுங்கள். அது தர்மராஜிகா தூபி, அசோகர் காலத்தது. 1794-இல் காசி அரசின் திவான் ஜகத் சிங் ஒரு சந்தை கட்டச் செங்கல் வேண்டுமென்று அதை இடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளிருந்த பேழையின் அஸ்தி கங்கையில் போடப்பட்டது. அந்த இடிப்பு பற்றிய செய்திதான் அறிஞர்களின் கவனத்தைச் சாரநாத் பக்கம் திருப்பியது என்பது வேடிக்கையான உண்மை.

அதன் அருகே மூலக் கோவிலின் இடிபாடு; அதன் மேற்கே கண்ணாடித் தடுப்புக்குள் அசோகர் தூணின் உடைந்த அடிப்பகுதி. அதில் இருக்கும் கல்வெட்டு, பௌத்தத் துறவிகளின் சங்கத்தில் பிளவு உண்டாக்கும் பிக்குவுக்கும் பிக்குணிக்கும் வெள்ளை உடுத்தி வெளியேற்ற வேண்டும் என்று எச்சரிக்கிறது. புத்தர் மறைந்து சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே கோஷ்டிப் பூசல் அரச ஆணை பிறப்பிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது.

இப்போது தமேக். உயரம் ஏறக்குறைய 43 மீட்டர், அடியில் விட்டம் 28 மீட்டர். இன்று நாம் காண்பது பெரும்பாலும் குப்தர் காலக் கட்டுமானம். கீழ்ப்பகுதியைச் சுற்றி ஓடும் கல் வேலைப்பாட்டில் கொடியும் தாமரையும் கோலம்போல் பின்னிக்கொண்டு போகும். வலம் வரும்போது அதைப் பின்தொடருங்கள். ஓர் இடத்தில் வேலை பாதியில் நிற்பதும் தெரியும்.

மாலையில் பக்கத்திலுள்ள மூலகந்தகுடி விகாரைக்குப் போகலாம். இலங்கையைச் சேர்ந்த அநகாரிக தர்மபாலரின் முயற்சியில் 1931-இல் திறக்கப்பட்டது. உள்சுவர்களில் புத்தரின் வாழ்க்கையை ஜப்பானிய ஓவியர் கோசெட்சு நோசு வரைந்திருக்கிறார். காலையில் அருங்காட்சியகம், மாலையில் விகாரை என்று திட்டமிட்டால் நாள் முழுவதும் சரியாக நிறையும்.

புத்தகயா

முதலில் நடைமுறை. 2013 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மகாபோதிக் கோவிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வாசலில் பூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேமராவுக்குத் தனிக்கட்டணம் கட்டி எடுத்துப் போகலாம். கைப்பேசியை அறையிலேயே விட்டுப் போனால் ஒரு வரிசை மிச்சம். குடும்பத்தோடு போகிறவர்கள் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். உள்ளே கூப்பிட்டுக் கேட்க முடியாது. கோவில் காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு ஒன்பது மணிக்கு மூடும். விடியலில் ஒருமுறை, விளக்கேற்றிய பின் ஒருமுறை என்று இரண்டு தடவை போக வேண்டும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் பயணக் கூட்டம் அலைமோதும்.

கிழக்கு வாசலிலிருந்து படிகள் கீழே இறங்கும். ஊர் மண் உயர்ந்துவிட்டது, கோவில் தன் பழைய மட்டத்திலேயே இருக்கிறது. எதிரே ஏறக்குறைய 55 மீட்டர் உயரக் கோபுரம். அசோகர் இங்கே முதலில் வழிபாட்டிடம் அமைத்தார். இன்றைய செங்கல் கோவிலின் வடிவம் கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1880-களில் தொல்லியலாளர்களான அலெக்சாண்டர் கன்னிங்காமும் பெக்லரும் முன்னின்று பெரும் பழுதுபார்ப்பு செய்தார்கள். யுனெஸ்கோ 2002-இல் உலக மரபிடமாக அறிவித்தது.

கருவறையில் பொன் பூசிய புத்தர், வலக்கை விரலால் பூமியைத் தொட்டபடி. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நின்று பார்க்க விடமாட்டார்கள். வெளியே வந்து வலமாகச் சுற்றுங்கள். கோவிலின் பின்புறம், மேற்கில், போதிமரம். இது புத்தர் காலத்து மரமல்ல என்பதைத் தயங்காமல் சொல்லிவிடலாம். முன்பிருந்த முதுமரம் 1876-இல் புயலில் சாய்ந்தது. அதன் வழித்தோன்றலைக் கன்னிங்காம் 1881-இல் நட்டார். அதற்கு முன்பும் மரம் அழிவதும் துளிர்ப்பதும் பலமுறை நடந்திருக்கிறது. அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுபோன கிளை இலங்கையின் அநுராதபுரத்தில் இன்றும் மரமாக நிற்கிறது. அந்த வகையில் மகள் மரத்துக்குத் தாயைவிட வயது அதிகம்.

மரத்தடியில் வேலிக்குள் இருக்கும் கல் மேடை, புத்தர் அமர்ந்த இடத்தைக் குறிக்கும் வஜ்ராசனம். கோவிலைச் சுற்றியுள்ள கல் வேலியில் நீங்கள் காணும் துண்டுகள் பல நகல்கள். மௌரியருக்குப் பின் ஆண்ட சுங்கர் காலத்து மூலங்கள் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே கூட்டமே இருக்காது.

ஞானம் பெற்ற பிறகு புத்தர் ஏழு வாரங்கள் அந்தப் பகுதியிலேயே தங்கினார் என்பது மரபு. ஒவ்வொரு வாரத்துக்கும் வளாகத்தில் ஓர் இடம் குறித்திருக்கிறார்கள், பலகைகளும் உண்டு. வடசுவரை ஒட்டிய நடைமேடையில் அவர் அடிவைத்த இடங்களில் கல் தாமரைகள் இருக்கும். தெற்கே குளத்தின் நடுவில் நாகம் குடைபிடிக்கும் புத்தர். அது முசலிந்தக் குளம் என்று பலகை சொல்லும். ஆனால் மரபுப்படியான முசலிந்தக் குளம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறது. நேரமிருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம்.

உள்ளே நடந்துகொள்வது பற்றி: செருப்பை வாசலிலேயே விடுங்கள். வணங்கிக்கொண்டிருப்பவர்களுக்குக் குறுக்கே போகாமல் சுற்றிக்கொண்டு போங்கள். மரத்திலிருந்து தானாக உதிரும் இலையை எடுக்கலாம், பறிக்கக் கூடாது. உதிரும் இலைக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் இடம் பிடிப்பதுதான் கடினம். சிலையின் முன் காலை நீட்டி உட்காருவது பிக்குகளுக்கு மிகவும் வருத்தம் தரும். தேங்காய் உடைப்பது, சூடம் கொளுத்துவது எதுவும் அங்கே வழக்கமில்லை. பூவும் விளக்கும் போதும்.

வெளியே வந்தால் இலை விற்பவர்கள், "பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை" என்று ரசீதுப் புத்தகம் நீட்டுபவர்கள், காவியுடுத்திக் கையேந்துபவர்கள் என்று ஒரு கூட்டம் சூழும். கொடுக்க விரும்பினால் கோவில் உண்டியலிலோ விகாரை அலுவலகத்தில் ரசீது வாங்கியோ கொடுங்கள்.

மறுநாள் காலை நிரஞ்சனை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பக்ரௌர் கிராமத்துக்குப் போய் வாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணல் ஆறு. அக்கரையில் பெரிய செங்கல் தூபி. பட்டினியால் மெலிந்த சித்தார்த்தருக்குப் பாயசம் கொடுத்த சுஜாதையின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஊருக்குள் போக டோட்டோ என்று சொல்லும் மின் ரிக்‌ஷா போதும். ஏறும் முன்பே போகவர வாடகை பேசிவிடுங்கள்.

ராஜ்கிர்: ஏறி இறங்க வேண்டிய ஊர்

மகத அரசன் பிம்பிசாரனின் தலைநகர். பாரதம் படித்தவர்களுக்கு ஜராசந்தனின் கிரிவிரஜம். ஐந்து குன்றுகளின் நடுவே ஊர். இங்கே ஓர் இரவு தங்கச் சொன்னதன் காரணம், காண வேண்டியவை குன்றுகளின்மேல் இருப்பதும், அவற்றை வெயிலுக்கு முன் ஏற வேண்டியிருப்பதும்தான்.

காலையில் ரோப்வே திறந்ததும் உலக சாந்தி தூபிக்கு ஏறுங்கள். ஜப்பானிய பௌத்தர்கள் கட்டி 1969-இல் திறந்த வெள்ளைத் தூபி. அதை அவசரமாகப் பார்த்தால் போதும். திரும்ப ரோப்வேயில் இறங்காமல் நடந்து இறங்குங்கள். பாதி வழியில் ஒரு கிளைப்பாதை கிருத்ரகூடத்துக்கு, அதாவது கழுகுமலைக்குப் போகும். சிறு குகைகளும், உச்சியில் தாழ்வான செங்கல் சுவர் சூழ்ந்த ஒரு மேடையும்தான் அங்கே உண்டு. ஆனால் மகாயான மரபில் தாமரைச் சூத்திரம் என்னும் நூல் உரைக்கப்பட்ட இடம் என்பதால் ஜப்பானியரும் கொரியரும் கண்ணீர் மல்க அமர்ந்திருப்பார்கள். முதியவர்கள் ரோப்வேயிலேயே இறங்கிவிடலாம். குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் தெரியக் கூடாது. பொழுது சாய்ந்தபின் இந்தப் பாதையில் நடக்க வேண்டாம்.

மூங்கில் வனமான வேணுவனம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பிம்பிசாரன் சங்கத்துக்குக் கொடுத்த முதல் தோட்டம். இப்போது குளமும் பூங்காவுமாகத் திருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு அருகே வைபார மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள், அவற்றுக்கு மேலே முதல் பௌத்த மாநாடு கூடியதாகச் சொல்லப்படும் சப்தபர்ணி குகை. ஏற்றம் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து முடிவெடுங்கள். ஊரைச் சுற்றிக் குன்றுகளின் முகட்டில் ஓடும் பெருங்கல் சுவரை மட்டும் தவறவிடாதீர்கள். சாந்து பூசாமல் பாறைகளை அடுக்கியே கட்டியது.

நாளந்தா

ஓட்டுநரிடம் "நாளந்தா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது மாவட்டத்தின் பெயரும்கூட. ராஜ்கிர் அருகே அதே பெயரில் புதிய பல்கலைக்கழகமும் இருக்கிறது. "நாளந்தா கண்டஹர்" என்று கேட்டால் இடிபாட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். வழியில் சிலாவ் என்ற ஊரில் காஜா வாங்கலாம். அடுக்கடுக்காகப் பொரித்த இனிப்பு. சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும்.

சாலையின் ஒருபுறம் அருங்காட்சியகம், மறுபுறம் வளாகம். விதியை மறக்காமல் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். பிறகு வாசலில் அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது வீண் செலவல்ல. "உலகின் முதல் பல்கலைக்கழகம்" என்று அவர் நாலு முறை சொல்வார், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் அமைப்பைப் புரிந்துகொள்வது எளிது. அகலமான நடுப்பாதை. ஒரு பக்கம் வரிசையாக விகாரைகள், எதிர்ப்பக்கம் வரிசையாகக் கோவில்கள். படித்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தால் எதிரே வழிபாட்டிடம். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் குமாரகுப்தன் காலத்தில் தொடங்கி எழுநூறு ஆண்டுக்கு மேல் நடந்த கல்விச்சாலை. இதுவரை அகழ்ந்தெடுத்தவை பதினொரு விகாரைகளும் ஆறு கோவில்களும். 2016-இல் உலக மரபிடமானது.

எல்லா விகாரைகளிலும் நுழைய வேண்டியதில்லை. ஒன்றும் மற்றொன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி. முதலாம் விகாரையில் அரை மணி நேரம் செலவிடுங்கள். பழைய கட்டடம் பாழானதும் அதன் மேலேயே புதியது எழுப்பினார்கள். வெவ்வேறு உயரங்களில் தளங்கள் வெட்டுமுகமாகத் தெரியும். எந்தக் காலத்துத் தரையில் நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்டே நடக்கலாம். அடுத்து மூன்றாம் எண் கோவில். ஏழு முறை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிப் பெருகியது. மூலைக் கோபுரங்களில் சுதைச் சிற்பங்கள் இன்னும் இருக்கின்றன. சுற்றிலும் நேர்த்திக்கடன் தூபிகள். மாலை வெயில் இந்தச் சுதைகளின்மேல் விழும் நேரத்துக்கு அங்கே நின்றால் படங்கள் நன்றாக வரும்.

தமிழர்கள் இங்கே அந்நியர்களாக நிற்க வேண்டியதில்லை. 7-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங்குக்கு நாளந்தாவில் ஆசிரியர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர் என்று யுவான் சுவாங்கே எழுதிவைத்திருக்கிறார். இன்னொன்று: சுவர்ணத்தீபத்தின், அதாவது சுமத்திராவின், சைலேந்திர மன்னர் பாலபுத்திரதேவர் நாளந்தாவில் விகாரை கட்ட, அதன் செலவுக்குப் பாலப் பேரரசர் தேவபாலர் ஐந்து ஊர்களை அளித்த செப்பேடு இங்கே கிடைத்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஸ்ரீவிஜயத்தின் சைலேந்திரர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை கட்டியபோது, முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரை அதற்குக் கொடுத்தான். கடல் கடந்த அதே ஏற்பாடு. நாகையில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு நாளந்தா போகிறவருக்கு அங்குள்ள செப்புப் படிமங்கள் தூரத்து உறவினர்போல் தெரியும்.

கூடுதல் நாட்கள் இருந்தால்

நாளந்தாவிலிருந்து பாட்னா வழியாக வைசாலிக்குப் போகலாம். கொல்ஹுவா என்ற இடத்தில் ஒற்றைச் சிங்கம் தாங்கிய தூண், அருகே செங்கல் தூபி, குளம். தலைப்பகுதியோடு மூல இடத்திலேயே நிற்கும் அசோகர் காலத் தூண்கள் மிகக் குறைவு, அதற்காகவே பார்க்கலாம். வடமேற்கே போகும் வழியில் கேசரியாவின் பிரம்மாண்டத் தூபி பாதி மண்ணுக்குள் இருக்கிறது.

குஷிநகர் கோரக்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சிறிய, அமைதியான ஊர். வலப்பக்கம் சாய்ந்து, தலையை வடக்கே வைத்துப் படுத்திருக்கும் ஆறு மீட்டர் நீளப் புத்தர் சிலை 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1876-இல் துண்டு துண்டாகக் கண்டெடுத்து ஒட்டினார்கள். தலைப்பக்கம், நடுப்பக்கம், காற்பக்கம் என்று நின்றால் முகபாவம் மாறும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சோதித்துப் பாருங்கள், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தகனம் நடந்த இடமாகக் கருதப்படும் ராமாபர் தூபி ஒன்றரைக் கிலோமீட்டரில்.

கோரக்பூரிலிருந்து சுனௌலி எல்லைக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அங்கிருந்து லும்பினி முப்பது கிலோமீட்டருக்குள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அட்டை கொண்டுபோங்கள், ஆதாரை மட்டும் நம்ப வேண்டாம். இந்திய வண்டியோடு போனால் எல்லையில் பன்சார் என்னும் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். ஓட்டுநருக்கு நடைமுறை தெரியும், நேரம்தான் பிடிக்கும்.  நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிடப் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும்.

லும்பினியில் மாயாதேவி கோவிலுக்குள் பழைய செங்கல் அடித்தளங்களின் நடுவே, பிறந்த இடத்தைக் குறிக்கும் கல். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளியே அசோகர் தூண். முடிசூடி இருபது ஆண்டு கழித்து மன்னர் தாமே வந்து வணங்கியதையும், புத்தர் இங்கே பிறந்தார் என்பதால் ஊருக்கு ஒரு வரியை நீக்கி நிலவரியை எட்டில் ஒன்றாக்கியதையும் கல்வெட்டு சொல்கிறது. வரிச்சலுகை அறிவிப்பு ஒன்று இத்தனை காலம் நின்று படிக்கக் கிடைப்பது அபூர்வம். நடுவில் ஓடும் கால்வாயின் இரு கரையிலும் பல நாட்டு விகாரைகள்: கிழக்கே தேரவாதப் பிரிவு, மேற்கே மகாயானப் பிரிவு. சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றினால் காலையிலேயே முடிந்துவிடும்.

எந்த ஊரிலும் "பூமிக்கடியில் கிடைத்த பழைய சிலை" என்று துணியில் சுற்றிக் காட்டுபவரிடம் எதையும் வாங்காதீர்கள். பெரும்பாலும் போலி. உண்மையாக இருந்துவிட்டால் இன்னும் சிக்கல்: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம், சுனௌலியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அந்த எல்லையில் மாலையில் லாரிகளும் பஸ்களும் நெருக்கியடிக்கும். கோரக்பூரில் இரவு ரயில் இருந்தால் லும்பினியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.